இருட்டு கேட்ட பீப்பாய் பாய்

பாபநாசத்தில் மலை இறங்குகிற தாமிரபரணி புன்னைக்காயலில் கடலுக்குள் போய்ச் சேருவதற்குள், அதன் இரண்டு கரையிலும் எத்தனையோ விதமான மனிதர்களைப் பார்த்துவிடுகிறது. தண்ணீர் கேட்டு மனுக் கொடுத்தவர்கள், ரோடு கேட்டு மறியல் செய்தவர்கள், ரயில் நின்று போகவேண்டும் என்று தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்கள் என்று நானும் பலரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இருட்டு வேண்டும் என்று கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கிய முதல் மனிதர் எங்கள் தெரு பீப்பாய் பாய்தான். சத்தியம் செய்யக் கூடாது என்று எங்கள் ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்திருப்பதால், சத்தியம் செய்யாமல் சொல்கிறேன். நம்பலாம்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது குடும்ப அட்டையில் பத்திரமாக இருக்கிறது. தபால்காரரே "பீப்பாய் பாய்க்கு ஒரு பார்சல்" என்றுதான் என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்.

எங்கள் தெரு பாளையங்கோட்டையில் ஒரு முட்டுத் தெரு. பதினான்கு வீடுகள், அறுபத்தொரு சன்னல்கள், மூன்று வேப்பமரங்கள், தெருமுனையில் ஒரு குழி. என் வீடு ஏழாவது, பாய் வீடு எட்டாவது. என் வாசலிலிருந்து தெருமுனைக்கு நூற்றுப் பன்னிரண்டு எட்டு. மழை பெய்தால் நூற்றுப் பதினெட்டு. முப்பத்து மூன்று வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். எண்ணுவது எனக்குத் தொழிலாகத் தொடங்கி வியாதியாக முடிந்துவிட்டது. டாக்டரிடம் போனாலும் அவர் என் நாடித்துடிப்பைப் பிடிப்பதற்குள் நான் எண்ணி முடித்துச் சொல்லிவிடுகிறேன்.

பாய் மோட்டார் காயில் கட்டுகிறவர். வயல் மோட்டார், வீட்டு மோட்டார், ஆஸ்பத்திரி மோட்டார் எல்லாம் எரிந்த வாசனையோடு அவர் கடைக்கு வந்து, புதுச் செம்புக் கம்பியோடு சிரித்துக்கொண்டு திரும்பிப் போகும். எழுபது வயதை நெருங்கியதும் கடையை மூடிவிட்டார். இனி மனிதர் வீட்டோடு இருப்பார், சாயங்காலம் பேச்சுத் துணைக்கு ஆகும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு பதினோரு நாள் நீடித்தது.

பன்னிரண்டாம் நாள் ஏரலில் இருந்து ஒரு லோடு ஆட்டோவில் ஒரு பழைய இரும்புப் பீப்பாய் வந்து இறங்கியது. பாய் அதைத் தன் வீட்டு முன்புறம் நிறுத்தி, அசையாமல் இருக்க வாய் வரை மணலை நிரப்பினார். மேலே ஒரு வட்டக் கண்ணாடியைப் பொருத்தினார். தூத்துக்குடிப் பழைய சாமான் கடையில் பிடித்த கப்பல் சன்னல் கண்ணாடி அது. கனம் ஒரு சாண் இருக்கும் என்று தெருவில் பேச்சு. அளந்து பார்த்தேன், ஒரு அங்குலம்தான். அதன் மேல் இன்னொரு வட்டக் கண்ணாடியை வைத்து, நடுவில் ஈரமான கறுப்புப் பொடியைப் போட்டு, இரண்டு கையாலும் முன்னும் பின்னும் தேய்க்க ஆரம்பித்தார். ஆறு தேய்ப்பு, பக்கவாட்டில் ஒரு எட்டு. மறுபடி ஆறு தேய்ப்பு, ஒரு எட்டு. இப்படியே பீப்பாயைச் சுற்றிச் சுற்றி வந்தார். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். 'கர்ர், கர்ர்' என்று தெரு முழுக்கச் சத்தம்.

என் மனைவி எஸ்தர் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஏங்க, பாய்க்கு என்ன ஆச்சு? காலையில இருந்து பீப்பாயைச் சுத்திச் சுத்தி வருதாரு."

"நடைப் பயிற்சியா இருக்கும்."

"நடக்கதுக்கு எதுக்கு அம்மி மாதிரி அரைக்காரு?"

"ரெண்டு பயிற்சி ஒண்ணா."

மூன்றாவது வாரம் நாலாம் வீட்டு முத்துலட்சுமி அக்கா என்னை வழிமறித்தார். "அண்ணாச்சி, கோயிலைச் சுத்துவாக, தர்காவைச் சுத்துவாக. இவரு பீப்பாயைச் சுத்துதாரே, இது என்ன நேர்ச்சை?"

"எனக்குத் தெரியாது" என்று உண்மையைச் சொன்னேன். உண்மையைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பெரிய நேர்ச்சை, அதனால்தான் சார்வாள் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார் என்று அக்கா முடிவு செய்துவிட்டார். பாய் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, பீப்பாயை மூன்று சுற்று சுற்றிவிட்டுப் போனார். அந்த வாரமே அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

அதற்குப் பிறகு பாய் தொழுகைக்குப் போகிற நேரமெல்லாம் பீப்பாயைச் சுற்ற ஆள் இருந்தது. எண்ணினேன், ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் ஒன்பது பேர். ஒருநாள் காலையில் பாய் போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்தது. பீப்பாய் மேல் ஒரு எலுமிச்சம்பழமும் இரண்டு வெற்றிலையும் இருந்தன.

"எந்தக் கோட்டிக்காரன் வே வச்சான் இதை? இந்தக் கண்ணாடியில ஒரு தூசி உக்காந்தாலே கீறிரும்! எலுமிச்சம்பழத்தைக் கொண்டாந்து உக்கார வச்சிருக்கான்!"

அன்றைக்குத்தான் தெருவுக்கு விஷயம் தெரிந்தது. பாய் டெலஸ்கோப் செய்கிறார். "இந்தக் கண்ணாடியில லேசா ஒரு குழி விழணும், சார்வாள். தேய்ஞ்ச தோசைக்கல்லு மாதிரி. கண்ணுக்கே தெரியப்பிடாது. அந்தக் குழிக்குள்ள வானம் பூரா வந்து விழும்" என்றார். நேர்ச்சை இல்லை என்று தெரிந்ததும் கூட்டம் ஏமாற்றத்தோடு கலைந்தது. எலுமிச்சம்பழத்தை அவர் மனைவி சுலைகாம்மா சர்பத் போட்டுவிட்டார்கள். எனக்கும் ஒரு தம்ளர் வந்தது.

ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது.

கண்ணாடி முடிந்த அன்று நான் எண்ணிக் குறித்துவந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். "மொத்தம் பதினோராயிரத்து நானூத்தி ஆறு சுத்து, பாய்."

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சுத்துன எனக்கே தெரியாது. நீரு எண்ணினீரா?"

"சன்னல் பக்கத்துலதானே நாற்காலி கெடக்கு."

"ஏளா சுலைகா! இங்கன வந்து பாரு. என்னை விடப் பெரிய கோட்டி ஒண்ணு பக்கத்து வீட்டுல இருந்திருக்கு!"

கண்ணாடியை வெளியூருக்கு அனுப்பிப் பளபளப்புப் பூசி வாங்கினார். ஆழ்துளைக் கிணற்றுக்கு இறக்குகிற பெரிய குழாய் ஒன்றை அறுத்து அதற்குள் பொருத்தினார். சார்ஜாவில் இருக்கும் மகள் ஒரு பழைய கேமராவை அனுப்பினாள். மிச்சம் இருந்தது குழாயை உட்கார வைக்கிற ஸ்டாண்டுதான். வானம் நகர்கிற வேகத்துக்குக் குழாயும் நகர வேண்டும். இல்லாவிட்டால் படத்தில் நட்சத்திரம் கோடாக இழுத்துவிடும். அதற்காக ஸ்டாண்டு துருவ நட்சத்திரத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்க வேண்டும். நம் ஊரில் துருவ நட்சத்திரம் தரையிலிருந்து ஒன்பது டிகிரிகூட இல்லாத உயரத்தில், அடுத்த தெருத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது.

"வெளிநாட்டுக்காரன் செய்யுத ஸ்டாண்டு எதுவும் நம்ம ஊருக்குக் குனிய மாட்டேங்குது வே" என்று இரண்டு மாதம் புலம்பினார். பிறகு ஒருநாள் புலம்பல் நின்றது. அன்று சாயங்காலம் சுலைகாம்மாவின் குரல் மதிலைத் தாண்டி வந்தது.

"நாளைக்கு நோன்பு! என் கிரைண்டரு எங்க?"

சாய்க்கிற கிரைண்டர் அது. மாவை வழிக்க வசதியாக உருளை அப்படியே குனியும். உலகத்திலேயே பாளையங்கோட்டைக்குக் குனியத் தெரிந்த ஒரே இயந்திரம் தன் அடுக்களையிலேயே இருப்பதைப் பாய் கண்டுபிடித்துவிட்டார். கல்லைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு, உடம்பை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் சிமெண்டு போட்டு இறுக்கிவிட்டார்.

"வடைக்கு உளுந்து எதுல அரைக்க?"

"ஒரு மாசந்தானே. கையில அரையேன்."

அதற்கு சுலைகாம்மா சொன்ன பதிலை எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். அந்த நோன்பு முழுக்க எங்கள் கிரைண்டர் மதில் தாண்டிப் போயிருந்தது. பதிலுக்கு நோன்புக் கஞ்சி மதில் தாண்டி வந்தது. இருபத்தொன்பது நாள். முப்பதாவது நாளும் வரும் என்று எதிர்பார்த்தேன், பிறை தெரிந்துவிட்டது. அந்த ஒரு சாயங்காலம் மட்டும் பாய் குழாய்க்குத் துணி போட்டு மூடிவிட்டுப் பள்ளிவாசல் முன்னால் எல்லோரோடும் வெறுங்கண்ணோடு நின்றார். "பிறையைக் கண்ணாலதான் பாக்கணும் வே. அதுக்கு ஒரு மரியாதை இருக்கு" என்றார்.

குழாய் மேலே ஏறியதும் பாய் முதலில் சனி, வியாழன் என்று படம் பிடித்தார். சனி வளையத்தைப் பார்த்துவிட்டு எஸ்தர், "நம்ம பிரஷர் குக்கர் ரப்பர் மாதிரியே இருக்கு" என்றாள். ஆனால் பாயின் மனசெல்லாம் வேறொன்றின் மேல் இருந்தது. தெற்கு வானத்தில் லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் ஒன்றாகத் திரண்ட ஒரு பந்து. வெறுங்கண்ணுக்கு மங்கலான ஒரு புள்ளியாகத்தான் தெரியும். புத்தகத்தில் அதற்கு ஒமேகா சென்டாரி என்று பெயர். பாய் வைத்த பெயர் சீனிப் பொட்டணம்.

"லண்டன்காரன் என்னதான் பெரிய குழாய் வச்சிருந்தாலும் அவன் ஊருல இது ஏறாது சார்வாள். நமக்கு ஏறும். அல்லா நம்ம தெருவுக்குன்னு கட்டி வச்ச பொட்டணம். ஹயாத்து முடியிறதுக்குள்ள ஒரு நல்ல படம் எடுத்துரணும்."

அந்தப் படத்துக்கு எமனாக வந்தவன் நான்.

தெருமுனைக் குழியில் எஸ்தர் ஒருமுறை கால் பிசகிவிட்டாள். அன்றிலிருந்து தெருவிளக்கு கேட்டு மனு எழுதினேன். பதினேழு மனு. பதினேழாவதுக்கு விளக்கு வந்தது. வந்தது எங்கே? என் வீட்டுக்கும் பாய் வீட்டுக்கும் சரியாக நடுவில். வெள்ளை வெளேரென்று எல்.இ.டி. தெரு பகலானது. கூடவே பாய் வீட்டு மொட்டைமாடியும் பகலானது.

நான் சந்தோஷத்தில் மைத்துனர் கொண்டுவந்த மஸ்கோத் அல்வாவைப் பதினான்கு துண்டாக வெட்டி வீடு வீடாகக் கொடுத்தேன். பாய் தன் துண்டைச் சாப்பிட்டார். சுலைகாம்மாவுக்கு என்று ஒரு துண்டு கேட்டு வாங்கி அதையும் சாப்பிட்டார். விரலைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அல்வா நல்லாருக்கு. லைட்டைக் கழத்தச் சொல்லும்."

"என்ன பாய் சொல்லுதீரு? பதினேழு மனு!"

"பதினெட்டாவது எழுதும். ஒம்ம லைட்டு என் வானத்தைக் கொன்னுட்டு வே."

"ஒம்ம வானத்துக்காக என் பெண்டாட்டி குழியில விழணுமா?"

"அப்ப குழியை மூடச் சொல்லி எழுதியிருக்கணும். நீரு கணக்கு வாத்தியாருதானே? காரணத்தை விட்டுட்டு விடையைப் போட்டிருக்கீரு."

ஒரு வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சரியாகச் சொன்னால் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் பாய் வீடு வீடாக ஏறி இருட்டுக்கு ஆதரவு திரட்டினார். தெரு வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு நடந்தது. வெளிச்சத்துக்குப் பதினான்கு, இருட்டுக்கு ஒன்று. பதினான்கு வீட்டில் பதினைந்து ஓட்டு எப்படி விழும் என்று எண்ணிப் பார்த்தேன். பாய் வீட்டில் இரண்டு ஓட்டு. சுலைகாம்மா வெளிச்சத்துக்குப் போட்டிருந்தார்கள்.

தோற்ற வேகத்தில் பாய் குழாயைக் கழற்றி லோடு ஆட்டோவில் ஏற்றி, திசையன்விளைப் பக்கம் தேரி என்கிற செம்மணல் காட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே நல்ல இருட்டு. பேச்சுவார்த்தை முறிந்திருந்தாலும் துணைக்கு நானும் போனேன். எழுபது வயது மனிதரைத் தனியாக அனுப்ப முடியுமா? குழாயை நட்டு நிறுத்திய அரை மணி நேரத்தில் ஊர் கூடிவிட்டது. நாற்பத்தொரு பேர். மூன்று கால், ஒரு குழாய், கையில் நோட்டோடு ஒரு வயதானவர். நிலத்தை அளக்க அரசாங்கம் ஆள் அனுப்பிவிட்டது என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

"ஐயா, எங்க பனையெல்லாம் கணக்குல வருமா?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்.

"நாங்க வானத்தைத்தான் அளக்கோம்" என்றார் பாய்.

"அதையுமா எடுக்கப் போறாக?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தது.

அவர்களை நம்பவைக்க நாற்பத்தொரு பேருக்கும் சனி வளையத்தைக் காட்ட வேண்டியதாயிற்று. சிலர் இரண்டாம் தடவையும் வரிசையில் வந்தார்கள். எல்லோரும் பார்த்து முடித்தபோது பொட்டணம் அடிவானத்துக்குள் போய்விட்டது. அதோடு, கிரைண்டர் ஸ்டாண்டு சிமெண்டுக்குள் இருந்ததால் வெறும் முக்காலியில் படம் எப்படியும் கோடாகத்தான் விழும் என்பதும் புரிந்தது. ஆகவே படம் என்றால் மொட்டைமாடியில்தான். மொட்டைமாடி என்றால் விளக்கு அணைந்தால்தான்.

இந்த நிலையில் தெற்குப் பக்கத்துக் காலிமனையில் பொக்லைன் வந்து இறங்கியது. மூன்று மாடிக் கட்டடம் வருகிறதாம். மாசியில் தூண் எழும்பியது. சித்திரையில் தரைத்தளத்துக்குக் கூரை விழுந்தது. ஒருநாள் சாயங்காலம் பாய் மொட்டைமாடியில் நின்று, ஒரு பாகைமானியில் நூலைக் கட்டி நூல் நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு எதையோ அளந்துகொண்டிருந்தார். பிறகு என் வீட்டுக்கு வந்தார். எப்போதும் வாசலிலேயே சத்தம் கொடுத்துக்கொண்டு வருகிறவர், அன்றைக்கு உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் வந்ததே எனக்குத் தெரிந்தது.

"சார்வாள், கொஞ்சம் கணக்குப் போட்டுச் சொல்லும். அந்தக் கட்டடம் முழுசா எழும்பினா பொட்டணம் தெரியுமா தெரியாதா?"

கட்டடத்தின் உயரம், இடைவெளி, பொட்டணம் ஏறுகிற முப்பத்து நாலு டிகிரி எல்லாவற்றையும் வைத்துப் போட்டேன். இரண்டு தடவை போட்டேன். இரண்டு தடவையும் ஒரே விடை. ஒரு கணக்கு சரியாக வந்ததற்காக நான் வருத்தப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"தெரியாது, பாய்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்." அவர் எஸ்தர் கொடுத்த டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. "அடுத்த வருசத்துக்குள்ள கட்டிருவான். இந்த வருசம்னா இந்த அமாவாசை ஒண்ணுதான். அதைத் தாண்டுனா மலையில இருந்து மேகம் வந்து உக்காந்துக்கிடும்."

தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் நோட்டைப் பார்த்தார்.

"நீரு எல்லாத்தையும் எண்ணுதீரே. எண்ணி முடியாத ஒண்ணு ஒமக்குத் தரட்டுமா?"

"அப்படி ஒண்ணு கெடையாது, பாய்."

"மூணு ராத்திரி இருட்டு தாரும். நான் தாரேன்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் தெருவில் நான் எண்ணாதது எதுவும் மிச்சமில்லை. சன்னல் அறுபத்தொன்று என்றால் அது அறுபத்தொன்றாகவேதான் இருந்துகொண்டிருக்கிறது. காலையில் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, வெளிச்சம் வந்ததற்கு அல்வா கொடுத்த அதே படிகளில் ஏறி, மூன்று ராத்திரி இருட்டுக்குச் சம்மதம் கேட்டேன். சிரிக்காமல் சம்மதம் சொன்னவர்கள் இரண்டு வீடு. மற்றவர்கள் சிரித்துவிட்டுச் சொன்னார்கள்.

விளக்கை எப்படி அணைப்பது? அதற்கு சுவிட்சே கிடையாது. இருட்டினால் தானாக எரிகிற வகை. பாய் அதற்கும் வழி வைத்திருந்தார். "அது தலையில ஒரு கண்ணு இருக்கு வே. அந்தக் கண்ணுல மட்டும் டார்ச் அடிச்சா பொழுது விடிஞ்சிட்டுன்னு நெனச்சு அணைஞ்சிரும். வெளிச்சம் வெளிய சிந்தாம இருக்க டார்ச்சை ஒரு சின்னக் குழாய்க்குள்ள சொருகிக்கிடுவோம்."

ஆக, விளக்குக்காகப் பதினேழு மனு எழுதிய நான், விளக்கு எரியாமல் இருப்பதற்காக என் வீட்டு மொட்டைமாடியில் நாற்காலி போட்டு, தெருவிளக்கின் கண்ணுக்கு டார்ச் அடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருட்டில் யாரும் விழுந்துவிடக் கூடாது என்று எஸ்தரும் சுலைகாம்மாவும் தெருமுனைக் குழிக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் காவல் இருந்தார்கள். "பாத்து வாங்கய்யா, இங்கன குழி கெடக்கு" என்று இருட்டுக்குள்ளிருந்து இரண்டு பெண் குரல்கள் ஒரே நேரத்தில் கேட்டதும், ஒரு ஆள் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்.

முதல் ராத்திரி தெற்கே மேகம். பாய் பதினொன்றரை வரை மாடியில் நின்றார். நானும் டார்ச்சை அணைக்காமல் இருந்தேன்.

இரண்டாம் ராத்திரி வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பாய் "பிஸ்மில்லா" சொல்லிக் கேமராவில் கை வைத்தார். தெற்கு மனையில் நான்கு பெரிய விளக்குகள் ஒன்றாக எரிந்தன. வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் கான்கிரீட் போடுகிறார்களாம். பாய் போய் மேஸ்திரியிடம் கெஞ்சிப் பார்த்தார். "கலவை போட்டா நிறுத்த முடியாது பாய். நாளைக்கும் இருக்கு" என்றார் அவர். பாய் திரும்பி வந்து, மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

விடிந்ததும் மேஸ்திரியே பாய் வீட்டு வாசலில் நின்றார். கூடவே ஆட்டோவில் ஒரு மோட்டார். தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது. தண்ணீர் இல்லாமல் போட்ட கான்கிரீட் காய்ந்து வெடித்துவிடும். வேறு கடையில் கேட்டால் ஆறு நாள் ஆகும் என்கிறார்கள்.

நான் பாயைத் தனியாக இழுத்துப்போனேன். "பாய், ஆறு நாள்! கட்டாதீரும். வேலை நிக்கும். இன்னைக்கு ராத்திரி லைட்டே எரியாது. கணக்கு நமக்குச் சாதகமா இருக்கு."

"மோட்டாரு என்ன வே பாவம் பண்ணிச்சு?"

"இந்த மோட்டார்தான் ஒம்ம வானத்தை மறைக்கப் போற சுவருக்குத் தண்ணி ஊத்துது!"

"இருக்கட்டும். எரிஞ்சு வந்த மோட்டாரை வாசல்ல இருந்து திருப்பி அனுப்புன பழக்கம் எனக்குக் கெடையாது. கடை மூடியிருக்கலாம். கை மூடலியே?"

காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தவர் சாயங்காலம் நாலரைக்கு எழுந்தார். நடுவில் தொழுகைக்கு மட்டும் இரண்டு முறை போய் வந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்காகக் கம்பிச் சுற்றை எண்ணினேன். அவர் வாயால் எண்ணிப் பழகியவர். ஒரு ஆள் பக்கத்தில் எண்ணினால் பேசிக்கொண்டே சுற்றலாம் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார். மோட்டார் ஓடியது. மேஸ்திரி கூலியை நீட்டினார். பாய் வாங்கவில்லை.

"ஒன்பதுல இருந்து பதினொண்ணு வரைக்கும் லைட்டை அமத்தும். அது போதும்."

மேஸ்திரி வானத்தைப் பார்த்தார். அங்கே என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் மோட்டார் ஓடுகிற சத்தம் புரிந்தது. "ஆளுகளுக்குச் சாப்பாட்டு நேரம்னு சொல்லி அமத்திருதேன், பாய்" என்றார். இரண்டு மணி நேரச் சாப்பாடு.

மூன்றாம் ராத்திரி ஒன்பதுக்குத் தெற்கே நான்கு விளக்கும் அணைந்தன. நான் டார்ச்சை உயர்த்தினேன். தெருவிளக்கும் கண்ணை மூடியது. எங்கள் தெருவில் அப்படி ஒரு இருட்டு இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. பக்கத்து மாடியில் கேமரா அரை நிமிடத்துக்கு ஒரு முறை 'டக்' என்றது. நான் எண்ணினேன். நூற்று எழுபத்தொன்றாவது படத்தில் எனக்குத் தும்மல் வந்தது. டார்ச் ஆடியது. விளக்கு பளீரென்று எரிந்தது.

"யோவ் சார்வாள்!"

"மன்னிச்சுக்கிடும் பாய், மூக்கு!"

"மூக்கைப் பிடியும், டார்ச்சைப் பிடியும், மூச்சை மட்டும் விடும்!"

மொத்தம் இருநூற்று முப்பத்தெட்டு படம். அதில் என் தும்மலுக்கு நான்கு பலி. மிச்சம் இருநூற்று முப்பத்து நாலையும் கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கப் பாய்க்கு ஐந்து நாள் பிடித்தது. ஆறடிக்கு நாலடியில் போடச் சொல்லி, பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு பிளெக்ஸ் கடையில் கொடுத்தார். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று போட்டுத் தேர்ந்த கடை. மறுநாள் நானும் கூடப் போனேன். கடைக்காரர் சுருளைப் பெருமையோடு விரித்தார்.

ஆறடிக்கு நாலடிக்குச் சுத்தமான கறுப்பு. நடுவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு.

"படம் பூரா ஒரே தூசி பாய், பொட்டுப் பொட்டா" என்றார் கடைக்காரர். "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து ஒண்ணொண்ணாத் தொடைச்சேன். நடுவுல ஒட்டிக் கெடக்கது மட்டும் போக மாட்டேங்குது."

பாய்க்கு அப்போது வந்தது கோபமா அழுகையா என்று நான் பயந்துகொண்டிருக்கும்போதே அவர் சிரிக்க ஆரம்பித்தார். கடை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அல்லா படைச்சதை ஒரே ராத்திரியில தொடைச்சிருக்கான் வே! எம்புட்டு சுறுசுறுப்பு!" நல்லவேளையாக மூலப் படம் வீட்டில் இருந்தது. மறுபடி போட்டு வாங்கினோம். கறுப்புப் பிளெக்ஸைக் கடைக்காரர் இனாமாகக் கொடுத்துவிட்டார். இப்போது அது மழைக்கு சுலைகாம்மாவின் விறகை மூடியிருக்கிறது.

சரியான படத்தை மாட்ட பாய் வீட்டில் இடம் கிடைக்கவில்லை. "முதல்ல கிரைண்டர் கீழ வரட்டும், அப்புறம் படம் உள்ள வரட்டும்" என்று சுலைகாம்மா சொல்லிவிட்டார்கள். ஆகவே அது என் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. ஓரத்தில் உதிரியாகச் சிதறி, உள்ளே போகப் போக நெருங்கி, நடுவில் பொட்டணம் அவிழ்ந்து கொட்டிய மாதிரி நட்சத்திரங்கள். எஸ்தர் அடுப்பில் வைத்த பாலைப் பொங்கவிட்டுவிட்டு அதன் எதிரிலேயே நின்றாள். சனிக்குக்கூட ஒரு குக்கர் ரப்பர் சொன்னவள்.

தெற்குக் கட்டடம் மூன்று மாடியும் எழும்பிவிட்டது. பொட்டணம் இப்போது அதற்குப் பின்னால்தான் ஏறி இறங்குகிறது. "வடக்கு இருக்கே வே, கெழக்கு இருக்கே" என்று பாய் குழாயைத் திருப்பிக்கொண்டார். பழைய எண்ணெய் டின் ஒன்றை வெட்டித் தெருவிளக்குக்கு ஒரு குல்லாவும் போட்டுவிட்டார். இப்போது வெளிச்சம் தெருவுக்கு, இருட்டு மாடிக்கு. குழியை மூடச் சொல்லிப் பதினெட்டாவது மனுவை எழுதியிருக்கிறேன்.

நான் படத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, பூதக்கண்ணாடி வைத்து எண்ணத் தொடங்கினேன். அன்றிலிருந்து ஒருநாள் தவறாமல், பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை முடிந்ததும் பாய் வருகிறார். டீயை வாங்கிக்கொண்டு படத்துக்கு எதிரே உட்கார்கிறார்.

"எதுவரைக்கும் வந்தீரு, சார்வாள்?"

"விட்டுப்போச்சு பாய். மறுபடியும் ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணும்."

"நான் சொல்லலியா வே! முடியாதுன்னு சொன்னேனா இல்லியா?" என்று தொடையைத் தட்டிச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்போடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போகிறார்.

உண்மையைச் சொன்னால், ஐப்பசியிலேயே எண்ணி முடித்துவிட்டேன். தொகை என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. பாய் கதை, கட்டுரை எல்லாம் வாசிக்கிறவர் இல்லை. இந்தப் பத்திரிகையை அவர் வீட்டில் ஒருவர்தான் வாசிப்பார். சுலைகாம்மா, நீங்களும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.